டிரெய்லருக்கும் ஒரு பிரேக்

ஏப்ரல் 6, ஞாயிறு

டிராக்டரில் கோழி முட்டையிட்டிருக்கிறது. டூல்ஸ் பெட்டியின் மூடி திறந்தே கிடந்திருக்கிறது போல. ஸ்பானர்களுக்கு நடுவில் வைக்கோலை இழுத்து வந்து போட்டு, அதன்மேல் இட்டு வைத்திருக்கிறது. தை மாதத்திலிருந்து வண்டி நகரவில்லை. இது இனி ஓடாது என்று கோழிக்கும் தெரிந்துவிட்டது.

எடுக்க மனசு வரவில்லை. மூடியைச் சாத்தாமல் வந்துவிட்டேன்.

உரக்கடையில் கொடுத்த டைரி இது. மகன் மோகன் வாங்கிவந்து டி.வி. மேல் வைத்தான். எட்டாவது படித்த வீட்டுக்கு டைரி எதற்கு என்று அப்போது சிரித்தேன். தூக்கமே இல்லை என்று போனபோது ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார், மனசில் ஓடுவதை யாரிடமாவது சொல்லுங்கள், ஆள் இல்லாவிட்டால் எழுதியாவது வையுங்கள் என்று. ஆள் இருக்கிறார். ஒரே வீட்டில்தான் இருக்கிறார். அவரிடம் சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பஞ்சாட்சரம் ஐயா போன் பண்ணினார். நவரை நெல் தலை சாய்ந்துவிட்டதாம், மாசக் கடைசியில் அறுப்பு. வண்டி வருமா, இல்லை வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். தன்மையாகத்தான் கேட்டார். என் வீட்டுக்காரர், "வரேங்கய்யா" என்று வைத்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை.

எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. இந்தப் பழைய டிராக்டரும் டிரெய்லரும்தான் நிலம். அது எனக்குத் தெரியாதா?

ஆனால் ஐயா வயலிலிருந்து நெல் கொள்முதல் பண்ணுகிற இடத்துக்குப் போக ஏரிக்கரை மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில்தான் மோகன் போனான். மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது குறுக்கே ஆடு வந்ததாம், பிரேக்கை மிதித்தானாம். டிராக்டருக்குத்தான் பிரேக். டிரெய்லருக்குக் கிடையாது, இந்தப் பக்கம் யார் வண்டிக்கும் கிடையாது. முன்னால் இருப்பது நின்றது பின்னால் வருவதற்குத் தெரியாது. நெல்லோடு வந்து தள்ளியது. டிராக்டர் திரும்பி, கரையிலிருந்து வாய்க்காலில் கவிழ்ந்தது. பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. சத்தம்கூடக் கேட்கவில்லை.

இப்போது அதே இறக்கத்தில் இவர்.

சாவி ரெண்டையும் எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

சாவி எங்கே என்று கேட்டார். டிரெய்லருக்குப் பிரேக் போடாமல் வண்டி வாசலைத் தாண்டாது என்றேன். டிரெய்லருக்கு எவனாவது பிரேக் போடுவானா, எங்க நைனா காலத்திலேயே கிடையாது என்றார். உங்க நைனா மாட்டுவண்டி ஓட்டினார் என்றேன். எழுந்து போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

ஏப்ரல் 12, சனி

வாலாஜாபாத் போய்வந்தேன். எங்கள் டிரெய்லரைச் செய்து கொடுத்த பட்டறை அங்கே இருக்கிறது. சேட்டு என்று ஆள். பெயர்தான் சேட்டு, கையெல்லாம் கிரீஸ். விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கப் போனவன், மோகனைப் பற்றி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான்.

"இதுவரிக்கும் எவனும் பெட்டிக்கு பிரேக் கேட்டு வந்ததில்ல யக்கா. ஹாரன் கேப்பான். பாட்டு பொட்டி கேப்பான். பின்னாடி சாமி படம் கேப்பான்."

பிறகு பட்டறைக்குப் பின்னால் கூட்டிப்போய் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினான். ஒரு அச்சு, ரெண்டு பக்கமும் டிரம் வைத்தது. ஏதோ கம்பெனியின் பெரிய ஜெனரேட்டர் இழுக்கிற டிரெய்லரை உடைத்தபோது வந்ததாம். கரண்ட் பிரேக். டிரம்முக்குள் காந்தம் இருக்கிறது. கரண்ட் போனால் காந்தம் டிரம்மில் ஒட்டும், பிரேக் விரியும், சக்கரம் நிற்கும். கரண்டை எப்போது, எவ்வளவு அனுப்புவது என்று பார்க்க டிராக்டரில் ஒரு சின்ன டப்பா மாட்ட வேண்டும். கன்ட்ரோலர் என்றான். அச்சை மாட்டித் தருகிறேன், ஒயர் வேலை என்னால் ஆகாது, எரிந்தால் என்னைச் சொல்லக்கூடாது என்றான்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. சாலவாக்கம் வரை அழுதேன். யாரும் கேட்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. இந்த வீட்டுக்கு இல்லை. பக்கத்து வீட்டு மேரி அக்கா வடை எடுத்து வந்து, கொடுக்கலாமா கூடாதா என்று வாசலிலேயே நின்றாள். வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சேட்டுவும் ஒரு ஆளும் மினி லாரியில் அச்சைக் கொண்டுவந்து மாட்டினார்கள். ஒரு பகல் முழுக்க ஆனது. இவர் வேப்பமரத்தடியில் கட்டிலில் படுத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தார். அவர்கள் போன பிறகு கேட்டேன், உங்க உசுருக்குத்தானே செய்யறேன், ஒரு கை பிடிச்சா இன்னா என்று.

"இப்ப இத்த மாட்டிட்டா, அப்பவே மாட்டியிருந்தா புள்ள இருந்திருப்பான்னு ஆவும். அத்த நான் எங்க தூக்கிக்கினு போவேன், சொல்லு."

இதையா இத்தனை நாள் தனியாக வைத்துக்கொண்டு இருந்தார்? நான் பிடிவாதம் என்று நினைத்தேன்.

ஆனாலும் நிறுத்த மாட்டேன். தூக்கிக்கொண்டு போக அவர் இருக்க வேண்டும் அல்லவா.

ஏப்ரல் 17, வியாழன்

டப்பா கூரியரில் வந்தது. மேரி அக்கா மகள் சோபியாதான் போனில் பார்த்து வரவழைத்தாள். சோப்பு டப்பா அளவுதான் இருக்கிறது. இதற்குள்ளா அத்தனை பலம்?

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். சோபியா கோயிலுக்குப் போய்விட்டு, புதுச் சுடிதாரை மாற்றிக்கொண்டு நேராக இங்கே வந்தாள். ஒரகடத்தில் கார் கம்பெனிகளுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கிற இடத்தில் வேலை. நாள் பூரா சிகப்பு ஒயர், நீல ஒயர் என்று பிடித்துப் பிடித்து, கனவிலும் ஒயர்தான் வருகிறதாம். லீவு நாளிலும் உன்னை ஒயர் பிடிக்க விட்டேனே என்றேன். "அங்க பேசினா சூப்பர்வைசர் திட்டுவாரு அத்தே. இங்க பேசிக்கினே செய்யலாம்ல," என்றாள்.

டப்பாவோடு வந்த இங்கிலீஷ் காகிதத்தைப் படித்துச் சொன்னாள். டப்பாவிலிருந்து நாலு ஒயர் வருகிறது. கறுப்பு பேட்டரிக்கு, நடுவில் ஒரு ஃபியூஸ். சிகப்பு பிரேக் மிதியில் இருக்கிற சுவிட்சுக்கு, கால் வைத்ததும் டப்பாவுக்குச் சேதி போக. நீலம் பின்னால் டிரெய்லர் காந்தத்துக்கு. வெள்ளை எர்த். எங்கள் டிராக்டரில் பிரேக் சுவிட்ச் எப்போதோ செத்திருந்தது, புதுசு மாட்டினோம். டப்பாவை ஸ்டியரிங் பக்கத்தில், காலை மடக்கினாலும் முட்டி இடிக்காத இடமாகப் பார்த்து வைத்தோம். நான் உட்கார்ந்து பார்த்துச் சொன்னேன். இவர் என்னைவிட உயரம், அதனால் ஒரு சாண் தள்ளி.

டூல்ஸ் பெட்டியிலிருந்து கோழியைக் கிளப்பினேன். கொத்திவிட்டது.

சாயந்திரம் சோபியாவுக்குப் போக வேண்டும், ராத்திரி ஷிப்ட். மிச்சத்தை நான் செய்கிறேன் என்றேன். டிரெய்லர் பக்கமும் ரெண்டு ஒயர் ஓடணும், நீலமும் வெள்ளையும், ரெண்டும் பிளக் வழியாக டிராக்டருக்கு வரணும் என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள். சரி சரி என்றேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

டிரெய்லருக்கு அடியில் படுத்து நீல ஒயரை இழுத்துக் கட்டினேன். சாக்கு விரித்துத்தான் படுத்தேன், ஆனாலும் முதுகெல்லாம் கல். ஒயர் இரும்பில் உரசுகிற இடத்தில் பழைய பைப்பை வெட்டிச் சொருகினேன். போகிற வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர், உன் வீட்டுக்காரன் முனிரத்தினம் எங்கே, நீ எதற்கு அடியில் கிடக்கிறாய் என்று கேட்டார். காலை மட்டும் பார்த்தேன், யார் என்று தெரியவில்லை.

வெள்ளை ஒயரை எடுத்தபோது பின்னாலிருந்து குரல்.

"அத்த எதுக்கு அவ்ளோ தூரம் இய்க்கிற? சட்டத்துல ஒரு போல்ட்டு போட்டு முடி. எர்த்து கொக்கி வழியா வந்துடும். பின்னாடி லைட்டு அப்டித்தான எரியுது."

இவர்தான். குனிந்து நின்றுகொண்டிருந்தார். அச்சு வந்த நாளுக்குப் பிறகு இந்த வேலையைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு.

அவர் சொன்னதும் நிஜம்தான். இங்கே எல்லா டிரெய்லருக்கும் பின் விளக்குக்கு ஒரே ஒரு ஒயர்தான் போகும். இன்னொன்று இரும்பு வழியாக, கொக்கியில் போடுகிற பின் வழியாக டிராக்டருக்கு வந்துவிடும். சோபியா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் அவர் பேசிவிட்டாரே. வேண்டாம் என்று சொல்லி மறுபடி வாயை மூடவைக்க எனக்குத் தெம்பில்லை. அவர் சொன்னபடியே சட்டத்தில் முடுக்கினேன். அவரே ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார்.

ஏப்ரல் 24, வியாழன்

ஜாக்கி போட்டு டிரெய்லர் சக்கரத்தைத் தூக்கினோம். டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது. டிரெய்லரோடு சேர்ந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தமாம். இவர் கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். நான் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். ங்ங்ங் என்று வண்டு மாதிரி ஒரு சத்தம். சக்கரம் நின்றது.

இவர் மறுபடி சுற்றினார். மறுபடி மிதித்தேன். நின்றது. மறுபடி சுற்றினார். எத்தனை முறை என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் இன்னும் வேகமாகச் சுற்றினார். கடைசியில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 26, சனி

வெறும் டிரெய்லரோடு ஏரிக்கரைக்குப் போனோம். நான் மட்காடில் உட்கார்ந்தேன். மோகன் போனதற்குப் பிறகு அந்தப் பக்கம் இன்றுதான் போகிறேன். வாய்க்காலில் கோரை முளைத்திருக்கிறது. ஒரு அடையாளமும் இல்லை.

இறக்கத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். சொன்னபடி நின்றது. பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

எழுத்து கோணலாக வருகிறது.

ஐயா வயலில் அறுப்பு ஆரம்பித்தார்கள். ரொம்ப வேண்டாம், பாதி லோடு ஏற்றிப் பார்ப்போம் என்றார் இவர். இறக்கும்போது தூக்க சுலபமாக இருக்கும் என்று ஆட்கள் மூட்டையைப் பின்பக்கமாகவே அடுக்கினார்கள். நானும் ஏறிக்கொண்டேன், வேண்டாம் என்றார், கேட்கவில்லை. கரை ஏறும்வரை பச்சை விளக்கு எரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்க ஆரம்பித்ததும் ஒரு பள்ளத்தில் குதித்தது. விளக்கு போய்விட்டது.

பச்சை இல்ல, பச்சை இல்ல என்று கத்தினேன். மிதித்தார். அந்த வண்டுச் சத்தம் வரவில்லை. பின்னாலிருந்து தள்ளியது. அய்யோ அந்தத் தள்ளு. இதைத்தானே புள்ளையும்—

"குதி, குதிடி" என்றார். குதிக்கவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். முதல் கியர்தான், அதனால் ஏதோ கையில் நின்றது. வாய்க்கால் பக்கம் போகாமல் ஒடித்துக் கரையின் மண்மேட்டில் மூக்கை மோதி நிறுத்தினார்.

ரெண்டு பேரும் இறங்கவே இல்லை. எஞ்சின் அணைந்து கிடந்தது. மேலே வந்தவர்கள் ஓடிவந்து மூட்டையை இறக்கினார்கள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வண்டியை விற்றுவிடலாம் என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

இன்றைக்குக் காலையில் வாசலில் வைத்து சாவி போட்டுப் பார்த்தேன். வெறும் டிரெய்லர். பச்சை எரிகிறது. வண்டுச் சத்தம் வருகிறது. வீட்டில் இருந்தால் வேலை செய்கிறது, சாகிற இடத்தில் வேலை செய்யவில்லை. என்ன பிசாசு இது?

சோபியாவுக்குப் போன் பண்ணினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். உடனே கேட்டாள், "அத்தே, வெள்ள ஒயர எங்க முடிச்ச?"

சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். கொக்கியைப் போய்ப் பார், அந்த இடத்தில் இரும்பும் இரும்பும் ஒட்டுகிறதா பார், என்றாள்.

போய்ப் பார்த்தேன். கொக்கிப் பின்னை உருவினேன். அதன்மேல் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கமாகச் சுற்றியிருந்தது.

மோகன் சுற்றியது. எனக்கு ஒத்தைத் தலைவலி வரும். வெறும் டிரெய்லர் வரும்போது கொக்கி லொடலொடவென்று அடிக்கும், ஏரிக்கரையிலிருந்தே கேட்கும், மண்டையில் அடிக்கிற மாதிரி இருக்கும். ஒருநாள் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். பார்த்துவிட்டுப் போனான். அடுத்த நாள் வண்டி வந்து வாசலில் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "இன்னாமா, பூன மாறி வந்தேன் பாத்தியா," என்றான். பின்னில் டியூபைச் சுற்றி, கொக்கியின் ஓட்டைக்கும் ஒரு ரப்பரைக் கொடுத்திருந்தான்.

வெறும் டிரெய்லர் என்றால் அதன் மூக்கு கனத்தில் கொக்கிமேல் உட்கார்ந்துவிடும், இரும்பும் இரும்பும் ஒட்டும். விளக்கு எரியும். பின்பக்கம் மூட்டை ஏறி, ஒரு பள்ளத்தில் குதித்தால் மூக்கு மேலே தூக்கும். அப்போது ஒட்டுவது ரப்பர் மட்டும்தான். ரப்பரில் கரண்ட் போகாது. இது எனக்கே தெரியும்.

பின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இவர் வந்து பார்த்தார். கத்தியால் டியூபைக் கிழிக்கப் போனார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். புள்ள மேல பழி போடாதீங்க என்றேன். அவன் சுற்றும்போது இந்த ஒயரே கிடையாது. அவன் என் தலைக்காகச் சுற்றினான்.

"அவன் மேல எதுக்கு போடறேன். கொக்கி வழியா வரும்னு சொன்னது நானு," என்றார்.

அதைக் கேட்டு முடுக்கியது நான் என்றேன். கத்தியை மடக்கிப் பாக்கெட்டில் போட்டார். டியூபைக் கிழிக்காமல், நகத்தால் நுனியைக் கிளப்பிக் கிளப்பி, அவரே பிரித்து எடுத்தார்.

மே 1, வியாழன்

மே தினம், சோபியாவுக்கு லீவு. எங்களைப் பார்த்ததும் அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாங்கள் போட்ட முடிச்சையெல்லாம் பார்த்து இதற்கு எங்கள் கம்பெனியில் வேலையைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்றாள்.

வெள்ளை ஒயரைத் தனியாக இழுத்தோம். காந்தத்திலிருந்து பிளக் வரை, பிளக்கிலிருந்து பேட்டரி வரை. இந்த முறை அடியில் படுத்தது இவர். நான் சாக்கு விரித்தேன், கல்லைப் பொறுக்கிவிட்டு. கொக்கி எப்படி ஆடினாலும் இனி கவலை இல்லை, கரண்ட் அந்தப் பக்கம் போகவே போகாது என்று சோபியா சொன்னாள். பின்னை வெளியில் உருவி வைத்துவிட்டு மிதித்துக் காட்டினாள். பச்சை எரிந்தது. வண்டு பாடியது.

எல்லாம் முடிந்த பிறகு இவர் அந்த டியூபைக் கொண்டுவந்தார். மண் போகத் துடைத்திருந்தார். ஒயர் தனியாக வந்துவிட்டது, இதை மறுபடி சுற்றினால் ஒன்றும் ஆகாதாம், சோபியாவிடம் கேட்டேன், சுத்திடட்டுமா, உனக்குத் தலை வலிக்கும் இல்ல, என்றார்.

ஆசையாகத்தான் இருந்தது. அவன் கை பட்டது, வண்டியிலேயே இருக்கட்டும் என்று. வாயைத் திறந்தேன், வேறு ஒன்று வந்தது.

"வாணாம். சத்தம் வரட்டும்."

மூட்டையை இந்த முறை முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று பார்த்து அடுக்கச் சொல்ல வேண்டும்.

மே 3, சனி

முழு லோடு. என்னை ஏறக்கூடாது என்றுவிட்டார். ஏறினால் பயத்தில் உன்னையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்றார். நான் வரப்பு வழியாகக் குறுக்கே ஓடிக் கரைக்குக் கீழே நின்றேன்.

மேலே வந்ததும் ஒரு நிமிஷம் நிறுத்தினார். பிறகு இறங்கினார். பாதியில் வேண்டுமென்றே நிறுத்தினார். மோகன் வண்டி திரும்பிய இடம் அது. டிரெய்லரும் நின்றது. தள்ளவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அப்புறமும் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து அரிசி டப்பாவிலிருந்து ரெண்டாவது சாவியையும் எடுத்தேன். டியூபையும் அதையும் ஒரே ஆணியில் மாட்டினேன்.

மே 6, செவ்வாய்

தினமும் லோடு நடை. வெறும் டிரெய்லரோடு திரும்பும்போது லொடலொடவென்று அடிக்கிறது. ஏரிக்கரையிலேயே கேட்டுவிடுகிறது. அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்கிறேன். இறக்கம் முடிகிறவரை கேட்கிறேன். நடுவில் சத்தம் நின்றால் மூச்சு நின்றுவிடுகிறது. ஆடு குறுக்கே வந்திருக்கும், யாராவது பேசியிருப்பார்கள். பிறகு மறுபடி வருகிறது. தலை வலிக்கிறது. வலிக்கட்டும்.

மே 10, சனி

கோழி விறகுக் கட்டுக்கு அடியில் இடம் பார்த்துக்கொண்டது.

இன்று கருவாட்டுக் குழம்பு. புளி கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் இவர் வாசலில் கை கழுவிக்கொண்டிருக்கிறார். வண்டி நிற்கிறது. எப்போது கரை ஏறினார், எப்போது இறங்கினார்? அந்தச் சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும். எனக்குக் கேட்கவில்லை.

கேட்க மறந்திருக்கிறேன்.

இன்னாமே அப்டி பாக்கிற என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, ஆணியில் தொங்குகிற டியூபைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சோறு போட்டேன்.